சொட்டுகிற குழாயும் நம் உரிமையும்

சுந்தரபாண்டியத்தில் நம் வீட்டுக் குழாய் ஒழுகினால், அடியில் குடத்தை வைத்துவிட்டு பிளம்பருக்காகக் காத்திருக்கிறோம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. திருகுக் குழாயில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரப்பர் வாஷர்தான். வால்வை அடைத்து, மிச்சத் தண்ணீரை வடித்து, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றி, அதே அளவு வாஷர் போட்டு முறுக்கினால் நின்றுவிடும். ஆண், பெண் எல்லோரும் கற்றுக்கொள்வோம் தோழர்களே.

1927 மார்ச் 20 அன்று மகத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் அள்ளிக் குடித்தது, பொதுத் தண்ணீர் நமக்கும் உரியது என்று அறிவிக்கத்தான். போராடிப் பெற்றதை ஒழுகவிடக் கூடாது. வாஷரை நாம் மாற்றுவோம். தெருவில் மெயின் பைப் உடைந்தால் சரிசெய்வது பேரூராட்சியின் கடமை. அதையும் நம் தலையில் கட்ட விடமாட்டோம். வீட்டு ஒழுகலை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்போம். "நீங்கதான் வீணாக்குறீங்க" என்று சொல்லி யாரும் நம் வாயை அடைக்க முடியாது.