சூரியனைப் பிடித்தார்களாம்!

2022 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பட்டம் கேட்டது. சூரியனின் நெருப்பை ஆய்வுக்கூடத்தில் மூட்டிவிட்டார்களாம். இனி உலகுக்கு எல்லையற்ற மின்சாரமாம்!

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்ல. நடந்தது சாதனைதான். கலிபோர்னியாவின் லிவர்மோர் கூடத்தில் 192 லேசர் கதிர்கள் ஒரு சிறு குழலுக்குள் பாய்ந்தன. உள்ளே கடுகளவு உருண்டை. அதில் உறைந்த ஹைட்ரஜன் வகைகள். அது நசுங்கி, ஈயத்தை விடப் பன்மடங்கு அடர்ந்து, 10 கோடி டிகிரிக்கு மேல் கொதித்தது. இப்படி அணுக்கள் சிதறி மின்னேறிய வாயுவுக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். அதற்குள் அணுக்கருக்கள் இணைந்து சக்தியைக் கக்கின.

சரி, கணக்கைப் பார்ப்போம். உருண்டைக்கு லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், வந்தது 3.15. லாபம்தானே என்பார்கள். ஆனால் அந்த லேசரை இயக்க இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல்! மில் தொழிலாளிக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், 80 யூனிட்டுக்கு மேல் செலவு. வரவு ஒரு யூனிட் கூட இல்லை. அதுவும் வெறும் வெப்பம். பிற்பாடு வரவு கூடியிருக்கிறது. செலவுக்கு அருகில் கூட வரவில்லை. 100 மூட்டை விதைத்து ஒரு மூட்டை அறுத்தவனை எந்த விவசாயத் தொழிலாளி மெச்சுவான்?

பின் எதற்காக 350 கோடி டாலர் கொட்டினார்கள்? அக்கூடத்துக்குப் படியளப்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் அணு ஆயுதப் பிரிவு. 1992-க்குப் பின் அமெரிக்கா குண்டை வெடித்துச் சோதிப்பதில்லை. வெடிக்காமலே குண்டுகளைப் பரீட்சிக்க எழுந்ததே இக்கூடம். இது நம் கற்பனையல்ல. அவர்களே எழுதி வைத்த முதல் நோக்கம்!

இரகசியம் காத்தால்தான் பாதுகாப்பு என்பார்கள். சரித்திரம் வேறு சொல்கிறது. 1956-ல் சோவியத் விஞ்ஞானி குர்ச்சாத்தவ் பிரிட்டனின் ஹார்வெல்லுக்கே சென்று, தம் நாட்டின் இணைப்பு ஆராய்ச்சியைப் பகிரங்கமாக விளக்கினார். 1958 ஜனவரியில் ஹார்வெல் தன் ஜீட்டா எந்திரத்தின் வெற்றியை முரசறைந்தது. மே மாதமே வாபஸ் வாங்கியது. 1968-ல் மாஸ்கோவின் டி-3 எந்திரம் சுமார் 1 கோடி டிகிரியை எட்டியது என்றபோது மேற்கே பலர் நம்பவில்லை. மறு ஆண்டே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லேசர் கருவியோடு மாஸ்கோ சென்று அளந்தார்கள். அளவு சரி! பனிப்போரின் நடுவே, திறந்த கதவு உண்மையை நிலைநாட்டியது. டோக்காமாக் எனும் அந்த எந்திரவகை உலகெங்கும் பரவியது.

ஆராய்ச்சி வளரட்டும் என்கிறோம் நாம். ஆனால் மின்சாரத்தைக் காட்டிக் குண்டுக்குப் பணம் கறக்காதே! கணக்கை முழுதாகக் காட்டு! கதவைத் திற! சூரியனுக்கு எவனும் பட்டா வாங்கவில்லை.