ஜப்பானில் பிறந்த மாணிக்கம்

கம்ப்யூட்டரிடம் எப்படி வேலை வாங்குவது?

நாம் பேசும் பேச்சில், "கணக்குப் போடு" என்று அதட்டினால் போதாது. ஒவ்வொரு வேலையையும் படிப்படியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே தனி மொழிகள் இருக்கின்றன. ஜாவா, பைத்தான், சி, பி.எச்.பி. என்று பல. ஜப்பான் நாட்டு என்ஜினீயர்கள் இவற்றை எல்லாம் பயன்படுத்துகிறார்கள். இவை யாவும் மேல்நாட்டில் பிறந்தவை.

ஆனால், ஒரு மொழி ஜப்பானிலேயே பிறந்தது. அதன் பெயர் ரூபி. ரூபி என்றால் மாணிக்கம்!

27 வயது வாலிபர்

இதை உருவாக்கியவர் யுகிஹிரோ மாட்சுமோட்டோ. 1993-ம் ஆண்டு இதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் எழுதினார். 1995-ல் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்.

அவருடைய நோக்கம் என்ன தெரியுமா? வேகம் அல்ல. "வேலை செய்கிறவனுக்கு மகிழ்ச்சி வேண்டும்" என்பதுதான்!

கத்தி கைக்குப் பொருந்தினால் காய் நறுக்குவது சுமையாகத் தெரியாது. கருவி எதுவானாலும் அப்படித்தான்.

தாய்மொழி தடையா?

ரூபியில் வரும் சொற்கள் ஆங்கிலச் சொற்கள். ஆனால் அதைப் பற்றிய விளக்கம் முதலில் ஜப்பானிய மொழியில்தான் இருந்தது. ஜப்பானியர்கள் தங்கள் மொழியிலேயே பேசி, கேள்வி கேட்டு, குறை சொல்லி, திருத்தி வளர்த்தார்கள். ஆங்கிலப் புத்தகம் 2000-ம் ஆண்டில்தான் வந்தது.

2004-ல் டென்மார்க் இளைஞர் டேவிட் ஹைன்மயர் ஹான்சன், ரூபியைக் கொண்டு "ரெயில்ஸ்" என்ற கருவியைச் செய்தார். இணையதளம் அமைப்பது சுலபம் ஆயிற்று. ரூபியின் புகழ் உலகெங்கும் பரவியது. 2012-ல் சர்வதேசத் தர அங்கீகாரமும் கிடைத்தது.

தாய்மொழியில் சிந்தித்தால் உலகம் கதவைச் சாத்திவிடும் என்பார்கள். சாத்தவில்லையே!

ஒரு நகரத்தின் துணிச்சல்

மாட்சுமோட்டோ வாழும் ஊர் மாட்சுயே. சுமார் 2 லட்சம் பேர் வசிக்கும் நகரம். அது இருக்கும் ஷிமானே மாநிலம், ஜப்பானில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்று. பிழைப்பு தேடி இளைஞர்கள் பெரிய நகரங்களுக்குப் போகிறார்கள்.

நகராட்சி யோசித்தது. "நம் ஊர் மனிதரின் மொழி இருக்கிறதே!" என்று 2006-ல் ரூபியையே ஊரின் அடையாளம் ஆக்கியது. ரெயில் நிலையத்துக்கு எதிரிலேயே, என்ஜினீயர்கள் கூடிப் பழக ஓர் இடம் திறந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ரூபியைக் கற்றுக் கொடுக்கிறது.

இன்று ரூபி முதலிடத்தில் இல்லை. பைத்தானுக்குத்தான் மவுசு அதிகம். நாளை வேறொன்று வரும். அதனால் என்ன? மொழி மாறலாம், கற்ற பழக்கம் மாறாது.

பிறர் செய்த கருவியைப் பயன்படுத்துவது கெட்டிக்காரத்தனம். தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்வது அதைவிடப் பெரிது. "இது நம்மால் ஆகுமா?" என்று தயங்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இந்தக் கதையைச் சொல்லட்டும்.