ஏறாதவர்கள் எடுக்கும் படம்

பினாங்கு, தெலுக் பஹாங்கிலுள்ள எஸ்கேப் பூங்காவின் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளம். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறது. மிதவையில் உட்கார்ந்து வரும் சறுக்குகளில் உலகிலேயே நீளமானது என்று 2019-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதற்கு முன் அந்தப் பெருமை ஜெர்மனியில் 356 மீட்டர் சறுக்கு ஒன்றுக்கு இருந்தது. மூன்று மடங்கு தாண்டினால்தான் பினாங்குக்காரர்களுக்கு மனசு ஆறும் போலிருக்கிறது. சேர்லிஃப்டில் மேலே போய், ஏறக்குறைய நான்கு நிமிடம் கத்திக்கொண்டே கீழே வரலாம். அந்த நான்கு நிமிடத்தில் உருப்படியாக ஒரு படமும் எடுக்க முடியாது. இரண்டு கையும் மிதவையின் கைப்பிடியில் இருக்கும். கைப்பேசி லாக்கரில் இருக்கும், இல்லாவிட்டால் கீழே யாராவது ஒருவர் மடியில் இருக்கும்.

அந்த யாராவது ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம்.

பள்ளி விடுமுறைக்குப் பூங்காவுக்குக் கிளம்பும் எந்தக் குடும்பத்திலும் ஏறாத ஆள் ஒருவர் உண்டு. முழங்கால் வலி, ரத்த அழுத்தம், ஏழாம் மாதம், உயரம் என்றால் பயம், தலை நனைந்தால் மூன்று நாள் தும்மல் என்று காரணம் ஏதாவது இருக்கும். ஐந்து பேரின் சிலிப்பரும் மூன்று பேரின் மூக்குக்கண்ணாடியும் பாதி தின்ற கறிபாப்பும் அவர் பக்கத்தில் குவிந்திருக்கும். போகிற போக்கில் அவர் கையில் கைப்பேசியைத் திணித்து, "வர்றப்போ ஒரு படம் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் ஓடுவார்கள். கேட்பவர்களும் நம்பிக்கையோடு கேட்பதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து படங்களைப் பாருங்கள். ஏறியவர்கள் எடுத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: பெரிய மூக்கு, நீட்டிய கையின் பாதி, பின்னால் கொஞ்சம் வானம். கீழே உட்கார்ந்திருந்தவர் எடுத்ததில்தான் அன்றைய நாள் இருக்கும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. உடம்பு தூக்கி எறியப்படும்போது கண்ணுக்கு வேலை ஓடாது. சும்மா இருப்பவருக்கே எது அழகு, எது வேடிக்கை என்று பார்க்க நேரம் கிடைக்கிறது.

பிரான்சில் ஜாக் ஹென்றி லார்த்திக் என்று ஒரு பையன் இருந்தான். 1894-இல் பிறந்தவன், பணக்கார வீட்டுப் பிள்ளை, வீட்டில் சின்னவன். ஏழெட்டு வயதில் அப்பா கேமரா வாங்கிக் கொடுத்தார். அண்ணன் வீட்டிலேயே வண்டிகளும் பறக்கும் எந்திரங்களும் செய்து பார்ப்பான், உறவுக்காரப் பிள்ளைகள் குதிப்பார்கள், உருளுவார்கள். இவன் ஓரமாக நின்று எடுத்துக்கொண்டே இருந்தான். 1905-இல் அவன் எடுத்த ஒரு படத்தில், நீளப் பாவாடை கட்டிய உறவுப் பெண் ஒருத்தி படிக்கட்டுக்கு மேல் அந்தரத்தில் நிற்கிறாள். அப்போது அவனுக்கு வயது பத்தோ பதினொன்றோ. அந்தப் படங்களை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1963-இல் காட்சிக்கு வைத்தபோது அவர் கிழவராகிவிட்டார். தன் வீட்டுத் தோட்டத்தையே கேளிக்கைப் பூங்காவாக எடுத்திருக்கிறார்.

நம் ஊருக்கும் படமெடுப்பதில் ஒரு பழைய பங்கு இருக்கிறது. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862 வாக்கில் பினாங்குக்கு வந்து பல மாதம் தங்கிப் படம் எடுத்தார். ஆசியாவைப் படம் பிடித்த முன்னோடிகளில் அவர் ஒருவர். மனிதக் கை படாமல் உருவம் எழுவது பேய் வேலை என்று இங்கிருந்த சீனர்கள் உதவிக்கு வர மறுத்ததால், மதராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி அச்சு எடுக்க வைத்துக்கொண்டதாக 1875-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் தமிழர்களாகத்தான் இருப்பார்கள். அந்தக் காலத்து அச்சு லேசான வேலை இல்லை. தாளை வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, உலர்த்தி, கண்ணாடி நெகட்டிவுக்கு அடியில் வைத்து, வெயிலில் காயப்போட்டு, நிறம் ஏறுகிற பதம் பார்த்து எடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கறுத்துவிடும். பினாங்கு வெயிலின் குணம் அந்த இருவருக்கும் தாம்சனைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

வெயில் பேச்சு வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூங்காவுக்குப் போகிறவர்கள் கடிகாரத்தை நம்பி ஏமாறுகிறார்கள். தீபகற்பத்துக் கடிகாரங்களை 1982 புத்தாண்டோடு அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அன்று முதல் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றே கால் மணிக்கு. பூங்கா பத்து மணிக்குத் திறக்கும்போது சூரியனுக்கு இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை. ஆகவே முதல் ஒன்றரை மணி நேரம் நல்ல சாய்வெளிச்சம், அதை டிக்கெட் வரிசையில் வீணாக்கக் கூடாது. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை எடுத்தால் எல்லார் கண்ணும் குழிக்குள் போய்விடும். நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வெயில் செங்குத்தாகவே மண்டையில் இறங்கும், நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் மரத்தடியில் சோறு சாப்பிடுவது உத்தமம். நாலரைக்கு மேல் மறுபடி எடுக்கலாம்.

என் அத்தை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் தகராறு. அக்காள் பிள்ளைகளோடு எஸ்கேப்புக்குப் போனபோது கீழே விடப்பட்ட ஆள் அவர்தான். நான் ஒரு தடவை இறங்கிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அவர் படம் எடுக்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, எடுக்கலையா?"

"பொறுடா. எங்க திரும்புறாங்கன்னு பாத்துக்கிறேன்."

முன்பின் தெரியாத நாலைந்து பேரை இறங்க விட்டு வேடிக்கை பார்த்தார். கடைசி வளைவில் மிதவை சுவரின் மேல் ஏறி ஒரு கணம் தயங்கித் திரும்புவதைக் கண்டுபிடித்தார். பிறகு திரையில் அந்த இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தார். குவியம் அங்கேயே பூட்டிக்கொண்டது. விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தார், அப்போதுதான் தண்ணீர்த் துளி வெள்ளையாகக் கரைந்துபோகாமல் தனித்தனியாக நிற்கும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பேத்தி என்றார். அப்புறம் தெலுக் பஹாங் மீனவர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் வளைவுக்கு வந்ததும் பொத்தானை விடாமல் அழுத்த, கைப்பேசி சரம்சரமாக எடுத்துத் தள்ளியது. அதில் ஒன்று பொறுக்கினால் போதும்.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் அதோடு நிறுத்தவில்லை. இறங்கி வரும்போது எல்லார் முகமும் ஒன்றுதான், வாய் திறந்திருக்கும், கண் மூடியிருக்கும். மிதவை நின்ற பிறகு, எழுந்திருக்கத் தெரியாமல் கவிழ்ந்து, முடி நெற்றியில் ஒட்டி, தண்ணீரைத் துப்பி, யார் நம்மைப் பார்த்தார்கள் என்று சுற்றும்முற்றும் தேடுகிற அந்த நேரம்தான் படம். அத்தை எடுத்ததில் பாதி அதுதான். பெரிய பூங்காக்களில் வெளியே வரும் வாசலில் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற தானியங்கிப் படங்களில் இது வரவே வராது. அந்த எந்திரத்துக்குத் தெரிந்தது விழுகிற கணம் ஒன்றுதான்.

எஸ்கேப்பில் ஆத்தான்ஸ் லீப் என்று ஒரு குதிக்கிற மேடை இருக்கிறது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து காலை எடுத்து வைக்க வேண்டும். கீழே நிற்பவர்கள் குதிப்பதை எடுக்கக் காத்திருப்பார்கள். நான் சொல்வேன், குதிக்காமல் நிற்பதை எடுங்கள். மேடை விளிம்பில் பெருவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் வரிசையில் நிற்பவர் பொறுமை இழந்து வேறெங்கோ பார்ப்பார், இரண்டுக்கும் நடுவில் பூங்கா ஊழியர் ஒருவர் ஏதோ நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று பேர், மூன்று மனநிலை.

ஓட்டத்தைக் காட்ட விரும்புகிறவர்கள் ஷட்டர் வேகத்தை முப்பதில் ஒரு பங்கு வினாடிக்குக் குறைத்து, ஆள் போகிற திசையிலேயே இடுப்பைத் திருப்பிக்கொண்டே எடுக்கலாம். முகம் தெளிவாகவும் காடு பச்சைக் கோடுகளாகவும் வரும். முக்கால்வாசி வீணாகும், மிச்சம் அட்டகாசமாக இருக்கும். உயரக் கயிற்றுப் பாலங்களில் நடப்பவர்களை நேர் கீழிருந்து, வானத்துக்கு வெளிச்சம் வைத்து எடுத்தால் உருவங்கள் கரிய நிழலாக நிற்கும். யார் என்று தெரியாது. தெரியாமல் இருப்பது பல சமயம் நல்லது. நனைந்த உடையில் ஓடுகிற அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் பெரியவர்களை எனக்குப் பிடிக்காது. கேட்டு எடுக்கலாம், இல்லையென்றால் கேமராவைத் திருப்பிக்கொள்ளலாம். கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுப்பது இன்னொரு வீண்வேலை, எல்லாம் மங்கலாகத்தான் வரும். ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்ப வரும், கொஞ்ச நேரம் விட்டால் தானாகப் போய்விடும்.

மறுநாள் பிள்ளைகள் அடம்பிடித்து அத்தையை ஆர்மீனியன் தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, அதிலும் லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்காரேவிச் 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக அங்கே சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து நிஜச் சைக்கிளை அதோடு பொருத்திய பிறகு, அந்தத் தெருவும் ஒரு பூங்காதான். நுழைவுச்சீட்டு மட்டும் இல்லை. ஓவியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் முன் எடுக்கிற படங்கள்தான் பிடிக்காது. எங்கே நிற்பது, எங்கே பிடிப்பது, எப்படிச் சிரிப்பது எல்லாம் முன்னால் நின்றவரைப் பார்த்து முடிவாகிவிடுகிறது. முப்பரிமாண ஓவியக் காட்சிக்கூடங்களில், எடுப்பவர் நிற்க வேண்டிய இடத்தையே தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அத்தை வரிசையில் நிற்கவில்லை. எதிரே கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது, கடைக்காரச் சீனப் பாட்டியிடம் மலாயில் கேட்டு உட்கார்ந்தார். சுவரை எடுக்கவே இல்லை. சுவரை எடுப்பவர்களைப் பின்னாலிருந்து எடுத்தார். சைக்கிளையும் மனைவியையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்க முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, சாலையில் மோட்டார்சைக்கிள் வருவதுகூடத் தெரியாமல் பின்வாங்குகிற கணவன்மார்கள். ஒரு முகமும் தெரியாது, முதுகும் முழங்காலும்தான். இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைத்தான் வரிசையாகப் போட்டார். சைக்கிள் எங்கே பாட்டி என்று பேத்தி கேட்டதற்குக் குரல் செய்தியில் பதில் வந்தது:

"சைக்கிள் எங்கேயும் போகாதுமா. இவங்க முழங்காலை நெனச்சாதான் எனக்குப் பயமா இருக்கு."