பி.டி.யு. மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

காரில் போய்க் கூடாரமடித்துத் தங்குபவர்களுக்கான இரட்டை பர்னர் அடுப்புகள் பற்றிய உங்கள் கட்டுரை, எந்த அடுப்பில் பி.டி.யு. (வெப்ப அளவு) அதிகம் என்பதையே சுற்றிச் சுற்றி வருகிறது. மலைக்காற்று வீசினால் அந்த எண்ணால் பெரிய பயனில்லை. மூன்று பக்கத் தடுப்பும் உறுதியாக நிற்கிறதா, சிம்மில் வைத்தால் அணையாமல் எரிகிறதா, சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் இடிக்காமல் அருகருகே உட்காருமா? சோறும் பருப்பும் சமைக்கும் நமக்கு இவைதான் முக்கியம்.

எரிபொருள் குறித்து ஒரு வரிகூட இல்லை. 465 கிராம் புரோபேன் சிலிண்டர், 10,000 பி.டி.யு. பர்னர் இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வரும். ஆனாலும் குளிருக்குப் புரோபேன்தான் ஏற்றது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போதே மக்கர் செய்யும். புரோபேனின் கொதிநிலையோ மைனஸ் 42. ஒருமுறை பயன்படுத்தி எறியும் இந்தச் சிறு சிலிண்டர்களை 2028 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் விற்க முடியாது. வரவேற்க வேண்டிய சட்டம். மறுபடி நிரப்பும் சிலிண்டரோ, குழாய் வழியாக 20 பவுண்டு சிலிண்டரோ பொருந்துமா என்று சொல்லாமல் இங்குள்ளவர்களுக்கு அடுப்பைப் பரிந்துரைப்பது எப்படி?

என்னை மிகவும் வருத்தியது, கட்டுரையோடு வந்த, கூடாரத்துக்குள் அடுப்பு எரியும் படம். அடுப்பிலிருந்து உள்ளே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அடுத்த இதழிலேயே எச்சரிக்கை வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர், சான் ஹோசே