தேர்ந்தெடுக்கப் பழகட்டும் பிள்ளைகள்



ஜூன் பிறந்தால் நம் கம்பம் பள்ளத்தாக்கே சுறுசுறுப்பாகிவிடும். பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையிலான 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்றங்கால் வேலை தொடங்கும். அதே நாட்களில் பள்ளிக்கூடங்களும் திறக்கும். கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் கடைத்தெருக்களில் நோட்டும் யூனிபார்மும் வாங்க நிற்கிற பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு எந்த குரூப் கிடைச்சிருக்கு?"

"பிள்ளை எந்த குரூப்பை விரும்புச்சு?" என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பதினைந்து வயதுவரை பிள்ளையின் சட்டை, சாப்பாடு, டியூஷன், தூங்கும் நேரம் எல்லாவற்றையும் நாமே முடிவு செய்கிறோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், "உனக்கு என்ன படிக்கணும், சொல்லு" என்கிறோம். அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? கூடப் படித்தவள் எடுத்ததைச் சொல்லும். இல்லையென்றால் அப்பாவின் முகத்தைப் பார்க்கும். தனக்கு எது பிடிக்கும், எது வரும், எதற்காகச் சிரமப்படலாம் என்று கண்டுகொள்வது ஒரே நாளில் வருகிற காரியம் அல்ல. அது சிறு வயதிலிருந்தே பழகிப்பழகி வருவது. அப்படிப் பழக நல்ல இடங்கள் பள்ளியின் பாடற்குழுவும் நாடக மேடையும் பேச்சுப் போட்டியும் கிரவுண்டும்தான். அங்கே தோற்றாலும் மார்க் குறையாது. பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறொன்றில் சேரலாம்.

கத்தோலிக்கப் பள்ளிகள் இதை நெடுங்காலமாக அறிந்தே வைத்திருக்கின்றன. இயேசு சபையினர் தங்கள் கல்விக்கூடங்களுக்கான நெறிமுறையை 1599-இல் வகுத்தபோது, மாணவர் நாடகத்துக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். பிரெஞ்சு நாடகத்தின் பெரிய பெயர்களில் ஒருவரான கோர்னெய் அவர்களிடம் படித்த மாணவர்தான். இத்தாலியில் ஏழைக் குடும்பத்தில் 1815-இல் பிறந்த தொன் போஸ்கோ, சிறுவனாக இருந்தபோதே கயிற்றின் மேல் நடந்தும் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடித்தும் ஊர்ப்பிள்ளைகளைக் கூட்டிவைத்தவர். பின்னாளில் தூரின் நகரத்தில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு அவர் நடத்திய இல்லத்தில் விளையாட்டும் பாட்டும் பேண்டு வாத்தியமும் படிப்போடு சேர்ந்தே இருந்தன. அவர் தொடங்கிய துறவற சபையினர் 1906-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கால்வைத்தது நம் தஞ்சாவூரில்தான்.

மேடையிலும் கிரவுண்டிலும் மட்டுமல்ல, ஊர் விஷயங்களிலும் முடிவெடுக்கப் பழகலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்டைன் என்ற குருவானவர், தொழிற்சாலைக்குப் போகும் இளைஞர்களுக்காக இயக்கம் கண்டவர். நடப்பதைப் பார், ஆராய்ந்து முடிவு செய், பிறகு செயலில் இறங்கு என்பது அவர் தந்த வழி. மாணவர்களுக்கென்று கிளைத்த இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் அதே வழியில்தான் நடக்கிறது. இந்து, முஸ்லிம் மாணவர்களும் சேர்ந்துகொள்ள அதற்கு இணையான இயக்கமும் நம் நாட்டில் உண்டு. தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை, வகுப்பில் வழக்கமாக வரும் பையன் ஏன் நின்றுவிட்டான் என்று பிள்ளைகளே விசாரித்து, பேசி, தங்களால் முடிந்ததைச் செய்ய இந்த இயக்கங்களில் இடமிருக்கிறது. குடிமையியல் பாடத்தைப் பத்து முறை மனப்பாடம் செய்தாலும் இந்தப் பயிற்சி கிடைக்காது.

நம் பள்ளத்தாக்கில் இந்தக் கத்தோலிக்கக் கல்வி மரபுக்கு இராயப்பன்பட்டி நல்ல சாட்சி. பனிமய மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த அந்தக் கிராமத்தில் சவரியப்ப உடையார் நினைவு மேல்நிலைப் பள்ளியும் புனித ஆக்னஸ் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் இருக்கின்றன. வாழையும் திராட்சையும் விளையும் ஓர் ஊரில் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியே மேல்நிலைப் பள்ளி அமைந்தது எளிய காரியமா? பெரியகுளத்தில் புனித அன்னாள் சபை சிஸ்டர்கள் நடத்தும் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971 முதல் இந்த மாவட்டத்துப் பெண்களைப் பட்டதாரிகளாக்கி வருகிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு கிரவுண்டுல என்ன வேலை?" என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் ஓயவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கும் பள்ளி காம்பவுண்டுக்குள் ஓடவும் பந்தடிக்கவும் மேடையேறி ராஜா வேஷம் போடவும் இடம் கிடைக்கிறது. சத்தமாகப் பேச அவளுக்கு அங்கே அனுமதி உண்டு. நாளைக்குக் கல்யாணமா, மேற்படிப்பா என்று வீட்டில் பேச்சு வரும்போது தன் மனதிலிருப்பதைச் சொல்லும் தைரியம் அந்த மேடையில்தான் முளைக்கிறது.

இந்த மண்ணுக்குக் கலை புதிதல்ல. பண்ணைப்புரத்து இளையராஜா, அல்லிநகரத்து பாரதிராஜா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, பெரியகுளத்து மு. மேத்தா எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். இளையராஜா பதின்வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். ஆர்மோனியம் தொட்ட கையை யாராவது பிடித்து இழுத்து, "முதல்ல மார்க் எடு" என்று உட்காரவைத்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? எல்லாப் பிள்ளையும் இளையராஜா ஆகப்போவதில்லை. ஆனாலும் தனக்கு வருவது எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

விளையாட்டிலும் நாம் குறைந்தவர்கள் அல்ல. மே மாதத்தில் பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வருகின்றன. அதை கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற சிறுவன் ஜூன் மாதம் பள்ளிக்கு வந்து பந்தைத் தேடுகிறான். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அவனுடைய பி.டி. பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது; பத்தாம் வகுப்பில் சாயங்காலமும் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடுகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஓவியம், தையல், இசை, உடற்கல்வி சிறப்பாசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளும் உண்டு. அந்த இடங்களை நிரப்பக் கேட்பது பெற்றோரின் கடமையும்தான்.

இனி குரூப் விஷயத்துக்கு வருவோம். மேல்நிலைப் படிப்பில் தமிழ், ஆங்கிலம் தவிர நான்கு பாடங்கள். மொத்தம் 600 மார்க். அந்த நான்கில் வேளாண் அறிவியல், செவிலியம், நெசவியல், இயந்திரவியல் போன்ற தொழிற்கல்விப் பிரிவுகளும் இருக்கின்றன. மார்க் குறைந்தவர்களுக்கான ஒதுக்கிடம் என்று அவற்றை நினைப்பது பெரும் தவறு. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது அதைப் பற்றிச் சொல்லப்படும் வரலாறு. ஆண்டு முழுக்கக் காய்க்கும் அந்தக் கொடிக்கு நோய் வந்தால் என்ன மருந்து, எவ்வளவு தண்ணீர், விலை சரிந்தால் பழத்தை வேறு என்ன செய்யலாம் என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அதை விரும்பி எடுத்தால் மனதார வாழ்த்தி அனுப்புங்கள்.

பெற்றோர்களே, ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையை ஏதாவது ஒரு மன்றத்தில் சேரச் சொல்லுங்கள். எதில் என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஆண்டு விழாவுக்கு வேலையை ஒதுக்கிவிட்டுப் போய் உட்காருங்கள். தலைமை ஆசிரியர்களே, ஃபாதர்களே, சிஸ்டர்களே, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வாரத்தில் ஒரு விளையாட்டு பீரியடையாவது யாரும் தொடாமல் காத்துக்கொடுங்கள். குரூப் ஒதுக்கும் நாளில் மார்க் பட்டியலோடு பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறீர்களா? நாடகம் போடுகிறீர்களா? தோட்டம் வைத்திருக்கிறீர்களா? அதைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எந்த மன்றத்தை, எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருகிற இதழ்களில் உங்களுக்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்