பழைய சப்பானிய ஆம்ப்ளிபயர் வாங்கலாமா?



வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் முகப்பிலுள்ள பெயரைப் பார்த்து வாங்கலாகாது. கருவியைத் திருப்பி முதுகைப் பார்த்து வாங்க வேண்டும். (ஒலிமிகைப்பி என்றெழுதவே கை விழைகிறது. கடையில் அச்சொல் விளங்காது என்பதால் விட்டுவிடுகிறேன்.)

இசைத்தட்டு மோகம் மீண்டும் பரவியதிலிருந்து பெற்றோர் சிலர் என்னிடம் இதைக் கேட்கின்றனர். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள் நச்சரிக்கிறார்களாம். ஆசையில் தவறில்லை. 1970களின் சப்பானியக் கருவிகள் மெய்யாகவே நன்கு செய்யப்பட்டவை. தயாரிப்பாளர்கள் வாட் அளவை மனம்போனபடி உயர்த்திச் சொல்வதைத் தடுக்க அமெரிக்காவில் 1974இல் ஒரு விதி வந்தது. அச்சந்தையில் விற்க விரும்பிய சப்பானிய நிறுவனங்கள் அதற்கு உட்பட்டே எண்களை அச்சிட்டன. 1977இல் வெளிவந்த சன்சுயி ஏயு-717 ஒரு பக்கத்திற்கு 85 வாட் என்றது. அதைத் தாங்கும் மின்மாற்றிகளோடு எடை ஏறத்தாழ 18 கிலோ. இன்றைய மலிவுப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டுகளை இதனோடு ஒப்பிடவே கூடாது.

இனி, முதுகுக்கு வருவோம். சப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கோ 230. ஏற்றுமதிக்கெனச் செய்யப்பட்டவற்றுள் பலவற்றில் மின்னழுத்தத்தை மாற்றும் திருகு உண்டு. உள்நாட்டிற்கெனச் செய்யப்பட்டவை பெரும்பாலும் 100 வோல்ட் மட்டுமே. சப்பானிலிருந்து கொள்கலன்களில் இங்கு வந்திறங்குபவை பெரும்பாலும் இரண்டாம் வகை. நம் சுவரில் நேரே செருகினால் சில நொடிகளில் புகைதான். மின்னழுத்தம் குறைக்கும் மின்மாற்றி தனியே தேவை. பின்புறம் குறித்த மின்நுகர்வைப் போல் இருமடங்கேனும் தாங்குவதாக அது இருத்தல் நலம். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

அடுத்து, உயிரூட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சில நொடிகள் கழித்து உள்ளே 'டிக்' என்றொரு ஒலி கேட்டால் பாதுகாப்பு ரிலே வேலை செய்கிறது என்று பொருள். ஒலிபெருக்கியை இணைக்குமுன் அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து நேர்மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் பழுதுபார்க்காமல் இணைக்கக்கூடாது. மிகுந்துவிட்டால் ஒலிபெருக்கியே கருகிவிடும். குமிழைத் திருகும்போது கரகரத்தால் அஞ்ச வேண்டா. பெரும்பாலும் தூய்மை செய்தாலே சரியாகும். அளக்க விடமாட்டேன் என்னும் வணிகரிடம் என்னதான் பேச்சு?

"ஒரு முறைகூடத் திறக்காதது, அப்படியே அசல்" என்று சிலர் பெருமையாக விற்பதை நான் ஏற்பதில்லை. மின்தேக்கிகள் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் உலர்ந்து வலுவிழப்பவை; நம் புழுக்கமும் பல்லி எச்சமும் வேறு. தேர்ந்த கைவினைஞர் ஒருவர் திறந்து, தேய்ந்தவற்றை மாற்றிய கருவிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதே அறிவுடைமை. சன்சுயி நிறுவனமே 2014இல் திவாலாகிவிட்டது. இனி அவற்றை வாழவைப்பவர்கள் ஒட்டுக்கடைகளில் பற்றவைப்புக் கோலோடு அமர்ந்திருக்கும் பெரியவர்கள்தாம். அவர்களும் அருகி வருகின்றனர்.

ஆதலால் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பழுதுபார்க்கக் கொடுக்கும் நாளில் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் இசைந்தால் ஒரு மணி நேரம் அருகே அமர்ந்து பார்க்கட்டும். வீட்டில் மட்டும் மூடியைத் திறக்க விடாதீர்கள்: செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.