வேனுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய இன்வெர்ட்டர்?

இங்கே புனேயில் பக்கத்து வீட்டு நண்பர் பழைய வேனை நடமாடும் வீடாக்குகிறார். கூரையில் சோலார், உள்ளே 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி. '3000 வாட் இன்வெர்ட்டரா வாங்கிடறேன், எதுக்கும் இருக்கட்டும்' என்கிறார். பணத்தை விடுங்கள், வழியில் இருட்டில் உட்காரப்போவது அவர்தானே!

ஒன்றுமே ஓடாமல் சும்மா ஆனில் இருக்கவே அது 20 வாட் தின்றால், நாளுக்கு 480 வாட்-அவர். பேட்டரியில் மொத்தமே 1200. ஆயுசு நிலைக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். மிச்சம் என்ன?

விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நேராக 12 வோல்ட்டிலேயே ஓடுகிற மாதிரி கிடைக்கின்றன. லேப்டாப்புக்கு 300 வாட் ப்யூர் சைன் வேவ் போதும், வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். மலிவு என்று ஸ்கொயர் வேவ் மட்டும் வேண்டாம், மோட்டார்கள் உறுமும், சூடாகும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பா? 170 ஆம்பியர் இழுக்கும் சாமி, கேபிள் விரல் தடிமனுக்கு வேண்டும். கேஸ் அடுப்பே நல்லது.

மிக்ஸிதான் இடிக்கிறது. சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போங்களேன் என்றேன். அவர் மனைவி முறைத்தார்.